ஐந்தாவது இன்னிங்ஸில் நான் எழுதியது

1

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை என் மகளின் கையிலிருந்து பந்தைப் பறித்துவிட்டார்கள். பறித்தவர் அவளுடைய கோச் டெப். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற, யாரிடமும் குரலை உயர்த்தாத நடுத்தர வயதுப் பெண். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். நல்லவராகப் போனதால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். என் மகள் ஆரணிக்குப் பத்தொன்பது வயது. மெல்பேர்ணில், மல்கிரேவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் உள்ள ஒரு கிளப்பில் பெண்கள் அணிக்குப் பேஸ்போல் ஆடுகிறாள். அவள் பிட்சர். மட்டையோடு நிற்கிறவரை நோக்கிப் பந்து எறிகிறவர் பிட்சர். ஒக்டோபரில் தொடங்கி மார்ச் வரை போகிற பருவத்தில், இந்த முறை ஏறக்குறைய எல்லா ஞாயிறும் முதல் பந்து அவளுடையதுதான். அணி கிராண்ட் பைனல் வரைக்கும் வந்ததில் பாதி அவளுடைய வலது தோளால் வந்தது. அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. அப்பன் என்பதால் உண்மையில் இதைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது.

செவ்வாய் பயிற்சி முடிந்ததும் டெப் ஞாயிற்றுக்கிழமை கிராண்ட் பைனலுக்கான பட்டியலை வாசித்தார். பிட்சர் எம்மா. ஆரணி இடதுபக்க வெளிக்களம். எம்மா வழக்கமாக ஷோர்ட்ஸ்டொப் என்ற இடத்தில், அடித்தவர்கள் ஓட்டம் எடுக்க ஓடித் தொடுகிற தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கிற பெண். தேவைப்பட்டால் பந்தும் எறிவாள். நல்ல பிள்ளை. ஆனால் ஆரணியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. டெப்பும் அதை மறுக்கவில்லை. பருவம் முழுவதும் ஆரணிதான் எங்கள் சிறந்த பிட்சர், ஆனால் பைனல் என்பது வேறு விஷயம், போன வருஷ பைனல் எப்படிக் கைவிட்டுப் போனது என்று எல்லாருக்கும் தெரியும் என்றார்.

காரில் வரும்போது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். ஆரணி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "இட்ஸ் ஃபைன், அப்பா" என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இனி இதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று பொருள்.

2

பேஸ்போலை நான் தேடிப் போகவில்லை. ஆரணிக்கு ஒன்பது வயதில் என் மனைவி வதனி அவளைப் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தாள். ஒரு வருஷம் அரைமண்டியில் இருந்து பார்த்துவிட்டு முழங்கால் நோகுது என்று நின்றுவிட்டாள். பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு தோல் கையுறையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு முழங்காலைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை.

முதல் முறை அவள் எறிந்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிவது குற்றம். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஒருவனைப் பார்த்து "எறியிறான்" என்று சொன்னால் அவன் சட்டையைப் பிடிக்க வந்துவிடுவான். இங்கே என் பிள்ளை முழங்கையை நன்றாக மடக்கி எறிய, சுற்றி நின்ற பெற்றோர் கை தட்டினார்கள். நான் மட்டும் நடுவர் கை நீட்டி நிறுத்துவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

இந்த நாட்டில் பிள்ளையை விளையாட விட்டால் பெற்றோரும் சும்மா இருக்க முடியாது. ஒருவர் சொசேஜ் சுடவேண்டும், ஒருவர் மைதானத்துக்குக் கோடு போடவேண்டும். எனக்கு ஸ்கோர் புத்தகம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பதினொருவர் அணிக்கு ஸ்கோர் எழுதினவன் நான். ஆடத் தெரியாதவனை மைதானத்துக்கு வெளியே எங்காவது இருத்தவேண்டும் என்று மாஸ்டர் தந்த வேலை அது. என் கையெழுத்து வடிவு என்றுதான் தந்ததாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

கிரிக்கெட்டில் ஸ்கோரர் கண்டதை எழுதினால் போதும். பேஸ்போலில் தீர்ப்பும் சொல்லவேண்டும். அடித்த பந்து களத்தில் நிற்கிறவரின் கையில் நிற்காமல் போனால், அது அடித்தவரின் திறமையா, பிடிக்கத் தவறியவரின் பிழையா? திறமை என்றால் 'ஹிட்' என்று எழுதுகிறோம். அதனால் வருகிற ஓட்டம் பந்து எறிந்த பிட்சரின் தலையில் ஏறும். பிழை என்றால் 'எரர்'. பிட்சர் தப்பிவிடுவார், பிழை விட்டவரின் பெயருக்கு நேரே அது நிற்கும். வென்றவர் தோற்றவர் இதனால் மாறுவதில்லை. பழி யாருக்கு என்பது மட்டும் மாறும். அதைத் தீர்மானிக்கிற பென்சில் எங்கள் அணிக்கு ஆறு வருஷமாக என் கையில் இருக்கிறது.

முன்பெல்லாம் ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழி முழுக்க ஆரணி வாய் ஓயாமல் ஆட்டத்தைப் பற்றியே பேசுவாள். எந்தப் பந்து எப்படித் திரும்பியது, யாரை எப்படி ஏமாற்றினாள் என்று பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகச் சொல்லிக்கொண்டு வருவாள். போன வருஷத்தோடு அது நின்றுவிட்டது. பல்கலைக்கழகம், சிநேகிதிகள், போன் என்று நானாகவே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். இங்கே எந்தத் தமிழ் வீட்டில் கேட்டாலும் பிள்ளை கதைக்கிறதில்லை என்ற கதைதான். ஆகவே எங்கள் வீட்டிலும் அது வந்துவிட்டதாக நினைத்தேன்.

3

'பைனல் வேறு' என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பு பற்றி எரியும். அதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது.

தவணைப் பரீட்சைகளில் பௌதிகவியலில் வகுப்பில் முதலாவது ஆள் நான். உயர்தரப் பரீட்சை அன்று காய்ச்சல். வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே போய் விழுந்தேன். இரண்டு வருஷம் என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மூன்று மணித்தியாலத்தில் என்ன எழுதினாய் என்பதுதான் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியிருந்தது.

இங்கே வந்து படித்து, ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, நிரந்தர வதிவிடத்துக்கு ஆங்கிலப் பரீட்சை ஒன்று எழுதச் சொன்னார்கள். அலுவலகத்தில் காலையிலிருந்து மாலை வரை ஆங்கிலத்தில்தான் சீவியம் நடத்தினேன். என்னோடு வேலை செய்தவர்கள் எனக்கு விளங்கவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பரீட்சையில் பேச்சுப் பகுதிக்கு ஓர் அட்டையைத் தந்தார்கள். யாரோ ஒருவருடன் நீங்கள் 'குரொஸ்' ஆக இருந்த சந்தர்ப்பத்தை விவரியுங்கள் என்று அதில் இருந்தது. குரொஸ் என்றால் கடப்பது என்றுதான் எனக்குத் தெரியும். கோபத்துக்கும் இந்த நாட்டில் அதே சொல் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? யுத்த காலத்தில் நான் என் அண்ணனோடு கிளாலிக் கடலைப் படகில் கடந்த கதையைச் சொன்னேன். அண்ணன் என் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்ததையும், கரை ஏறியதும் எனக்கு வயிற்றால் போனதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். பரீட்சகர் அம்மா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு வந்தபோது அரைப் புள்ளி குறைவு.

அந்த அரைப் புள்ளிக்காக ஒரு வருஷம் போனது. படிவம், அதற்கு ஒரு படிவ எண், அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம், கடிதம் கிடைத்ததாக ஒரு கடிதம். இப்போது யாராவது அதே அட்டையை நீட்டினால் நான் மூச்சு விடாமல் பேசுவேன். இங்கே நான் குரொஸ் ஆகாத நாளே இல்லை.

இப்போது சொல்லுங்கள், ஆரணியின் விஷயத்தை நான் சும்மா விட முடியுமா? பேஸ்போலின் தாய்நாடான அமெரிக்காவிலும் இதே அநியாயம்தான். அங்கே ஆறு மாதம் பருவ ஆட்டம், பிறகு ஒரு மாதம் இறுதிச் சுற்று. ஆறு மாதம் அபாரமாக எறிந்த ஒருவர் அந்தக் கடைசி மாதத்தில் இரண்டு ஆட்டம் சறுக்கினால், பெரிய ஆட்டத்துக்கு நெஞ்சுரம் இல்லாதவர் என்ற பெயர் சாகும்வரை போகாது. பருவம் முழுக்க அரைகுறையாக எறிந்த இன்னொருவர் அந்த மாதத்தில் மட்டும் பிரகாசித்தால், அவருக்குச் சிலை வைக்காத குறை. ரீவியில் இதை உட்கார்ந்து அலசுகிறவர்களைப் பார்த்தால், எங்கள் ஊரில் பெறுபேறு வந்த அன்று வீடு வீடாகப் போய் மார்க்ஸ் கேட்கிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

புதன்கிழமை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தப் பருவத்தின் ஸ்கோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இருந்தேன். ஆரணி எறிந்த ஒவ்வோர் ஆட்டத்தையும் ஓர் அட்டவணையாகப் போட்டேன். நலிந்த அணிகளுக்கு எதிராக எறிந்து பெயர் வாங்கினாள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, கிராண்ட் பைனலில் எதிரே வரப்போகிற அதே அணிக்கு எதிராக அவள் ஆடியதை மட்டும் தனியாகப் பிரித்தேன். அங்கும் எம்மாவைவிட அவளே மேல். தாளை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை பயிற்சிக்குப் போனேன்.

4

டெப் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அப்படி வாசிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். பருவ ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த ஞாயிறு இருக்கிறது, அதனால் எல்லாரும் இலகுவாக எறிவார்கள். பைனலில் அடுத்த ஞாயிறு இல்லை. எதிரணி ஏற்கெனவே மூன்று தடவை ஆரணியைப் பார்த்துவிட்டது, அவளுடைய கை ஆறு மாதம் எறிந்து களைத்திருக்கிறது. இதெல்லாம் அட்டவணையில் வராது என்றார். ஒரு நாளை வைத்து ஒரு பிள்ளையைத் தீர்மானிப்பதா என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. உயர்தரப் பரீட்சையையும் இழுத்தேன் என்று நினைக்கிறேன், பாவம், அந்த மனுஷிக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

டெப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் இந்த வருஷம்தானே இந்தக் கிளப்புக்கு வந்தேன். போன வருஷ பைனலை நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு பக்கம் போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். ஐந்தாவது இன்னிங்ஸ், ஒன்றன்பின் ஒன்றாக அடி வாங்கி மூன்று ஓட்டம், மூன்றும் ஆரணியின் தலையில். அப்படித்தான் புத்தகத்தில் இருக்கிறது. அது உங்கள் புத்தகம்."

என் புத்தகம்தான். அட்டவணையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

5

வீட்டுக்கு வந்ததும் கராஜில் இருந்த பெட்டியிலிருந்து போன வருஷப் புத்தகத்தை எடுத்து, குசினி மேசையில் விரித்தேன். ஐந்தாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள், இரண்டு பேர் தளங்களில் நிற்கிறார்கள். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அடுத்த பெண் அடித்த பந்து தரையோடு உருண்டு ஷோர்ட்ஸ்டொப்பை நோக்கிப் போகிறது. அங்கே நின்றவள் எம்மா. பந்து அவளுடைய இரண்டு காலுக்கும் நடுவால் போனது. பத்து வயதுப் பிள்ளை பிடித்திருக்கக்கூடிய பந்து. ஓர் ஓட்டம் வந்தது. அடுத்து வந்தவள் ஆரணியின் பந்தைத் தூரத்துக்கு அடித்தாள், இன்னும் இரண்டு ஓட்டம்.

எம்மாவின் பந்து எரர் என்றால் கணக்கு இதுதான்: இன்னிங்ஸ் அங்கேயே முடிந்திருக்கவேண்டும், ஆகவே அந்த மூன்று ஓட்டத்தில் ஒன்றும் பிட்சரின் தலையில் ஏறாது. ஆனால் அந்தக் கட்டத்தில் என் வடிவான கையெழுத்தில் ஹிட் என்று இருந்தது.

அந்தக் கணம் எனக்கு அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்த எதிரணி ஸ்கோரர், ஒரு வயதான வெள்ளைக்காரர், என்னைப் பார்த்து எரர்தானே என்று கேட்டார். அவராகவே கேட்டார். நான் அவசரமாகத் தலையை ஆட்டி, இல்லை இல்லை, ஹிட் என்றேன். அவர் புருவத்தை உயர்த்திவிட்டு எழுதிக்கொண்டார். பந்து எறிவது என் மகள். எரர் என்று நான் சொன்னால், தன் பிள்ளையைக் காப்பாற்ற அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேல் பழியைப் போட்டான் என்று ஆக்கள் கதைப்பார்களே என்பதுதான் அப்போது என் புத்தியில் இருந்தது.

என் அப்பா கணக்கு வாத்தியார். என்னுடைய வகுப்புக்கும் அவர்தான் படிப்பித்தார். என் விடைத்தாளில் எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு புள்ளி குறைத்துத்தான் போடுவார். வாத்தியாரின் மகன் என்று புள்ளி போட்டதாக ஒருவரும் சொல்லக்கூடாது. அதற்காக ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. அந்த இரண்டு புள்ளிக் கதையை நானும் எத்தனையோ விருந்துகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மற்றப் பக்கங்களையும், இந்தப் பருவத்துப் புத்தகத்தையும் புரட்டினேன். சந்தேகத்துக்கு இடமான பந்து வந்த இடமெல்லாம், ஆரணி எறிந்த நாட்களில் ஹிட் என்றே எழுதியிருந்தேன். எம்மா எறிந்த நாட்களில் அதே மாதிரிப் பந்துக்கு எரர். டெப்பிடம் நான் நீட்டிய அட்டவணைகூட இந்தப் பென்சிலில் இருந்து வந்ததுதான். ஆரணி அந்த அட்டவணையில் தெரிவதைவிட நல்ல பிட்சர்.

வதனி பின்னால் வந்து நின்று புத்தகத்தைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"உங்கட நேர்மையைக் காட்டுறதுக்கு என்ர பிள்ளைதான் கிடைச்சுதோ?" என்று கேட்டுவிட்டுக் கேத்திலைப் போடப் போனாள்.

6

வெள்ளிக்கிழமை காலை போட்டிகளை நடத்தும் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். இசை போட்டார்கள். என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்றார்கள். அது எவ்வளவு முக்கியம் என்று அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வந்த இளைஞர் மிகவும் மரியாதையாகப் பேசினார். பழைய ஆட்டத்தின் பதிவைத் திருத்த ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் ஆட்டம் முடிந்து சில நாட்களுக்குள் அனுப்பவேண்டும் என்றார். ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றேன். அப்படியானால் விசேஷ காரணம் காட்டவேண்டும், இரண்டு அணி ஸ்கோரர்களும் ஒப்பமிடவேண்டும் என்றார். எதிரணி ஸ்கோரர் இப்போது குவீன்ஸ்லாந்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றேன். அவர் அதற்கும் ஒரு படிவம் சொன்னார்.

முடிவில் ஒரு கேள்வி கேட்டார். திருத்தம் கேட்கிற உங்களுக்கும் சம்பந்தப்பட்ட ஆட்டக்காரருக்கும் ஏதாவது உறவு உண்டா?

அப்பா என்றேன். ஓ என்றார். அந்த 'ஓ'வுக்குப் பயந்துதானே நான் ஹிட் என்று எழுதினேன். ஒரு வருஷம் கழித்து அது என்னைத் தேடிப்பிடித்து வந்துவிட்டது.

டெப்புக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மதியம் அவரே அழைத்தார். என்னை நம்புவதாகச் சொன்னார். ஆனால் எம்மாவிடம் நீதான் எறிகிறாய் என்று சொல்லியாகிவிட்டது, அந்தப் பிள்ளை மூன்று நாளாக அதற்காகத் தயாராகிறது, இப்போது எப்படிப் பறிப்பது என்று கேட்டார். பிட்சரின் அப்பா, தான் எழுதின புத்தகம் பிழை என்று போன் எடுத்தார், அதனால் மாற்றினேன் என்று சொன்னால் மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார். தேவைப்பட்டால் ஆட்டத்தின் நடுவே ஆரணியைக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

7

சனிக்கிழமை காலை ஆரணி குசினிக் கதிரையில் இருந்து கையுறைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் இருந்தேன். ஒரு நாளும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. எந்த மொழியில் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை.

"போன வருஷ பைனலில எம்மாவின்ர காலுக்கால போன பந்து, பிள்ளை. அது எரர். நான் ஹிட் எண்டு எழுதிப்போட்டன்."

அவள் நிமிரவில்லை. "தெரியும் அப்பா. அண்டைக்கே வெப்சைட்டில பாத்தனான்."

பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். கேட்டு என்ன, நீங்கள்தானே ஸ்கோரர், நீங்கள் கண்டதைத்தானே எழுதுவீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"நான் பிழையா எறிஞ்சபடியாத்தான் அடி வாங்கினது எண்டு நீங்கள் நினைச்சனீங்கள் எண்டு நினைச்சன். அதுதான் பிறகு உங்களோட கதைக்கேல்லை."

ஒரு வருஷம். அவள் இந்த நாட்டுப் பிள்ளையாகி விலகிப் போகிறாள் என்று நான் கவலைப்பட்ட அந்த வருஷம் முழுக்க, அவள் என்னுடைய ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு பக்கத்துச் சீட்டில் இருந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆக்கள் கதைப்பார்கள் என்றுதான் அப்படி எழுதினேன் என்று அவளுக்கு விளங்கப்படுத்த முயன்றேன். எந்த ஆக்கள் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வரவில்லை. கிளப்பில் ஒருவர்கூட அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

நாளைக்கு நான் ஸ்கோர் எழுதாமல் விடவா என்று கேட்டேன். அவள் கையுறையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"எழுதுங்கோ. ஆனா என்னை வேற ஆரோ ஒராளின்ர பிள்ளை எண்டு நினைச்சு எழுதுங்கோ. ப்ளீஸ்."

குத்திக்காட்டவெல்லாம் சொல்லவில்லை. உப்பைத் தாருங்கோ என்பது மாதிரித்தான் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய், காய்ந்து கிடந்த புல்லுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

8

ஞாயிறு நல்ல வெயில், வடக்குக் காற்று. எம்மா நன்றாகவே எறிந்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் ஆட்டமிழந்து, இரண்டு பேர் தளங்களில் நிற்கையில், ஒரு பந்து இடதுபக்கம் உயரமாகப் போனது. ஆரணி ஓடி வந்து அதன் கீழே நின்றாள். பந்து கையுறைக்குள் வந்து, வெளியே விழுந்தது. எதிரணிக்கு இரண்டு ஓட்டம்.

இந்த முறை எதிரணி ஸ்கோரர் பெரிய தொப்பி போட்ட ஒரு பெண்மணி. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். நான் ஆரணியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். முகத்துக்கு நேரே சூரியன். நிறையத் தூரம் ஓடியிருந்தாள். காற்று வேறு. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் இதற்கு ஹிட்தான் கொடுப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஹிட் என்றேன். தொப்பி அம்மாவுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, தன் அணிப் பெண்ணுக்குத்தானே ஹிட் கிடைக்கிறது. அவரும் அப்படியே எழுதினார்.

ஆறாவது இன்னிங்ஸில் டெப் சொன்னபடி ஆரணியைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார். ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில் கடைசி இரண்டையும் அவள் எறிந்தாள். எதிரணியில் ஒருவரையும் முதல் தளத்தைத் தொட விடவில்லை. அவள் எறிவதைப் பார்த்துக்கொண்டு எழுதும்போது என் பென்சில் இரண்டு தடவை முறிந்தது. ஆனால் எங்கள் பக்கம் மட்டை பேசவில்லை. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம்.

தோற்ற கவலை எனக்கு இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். பைனலில் ஆரணி, இரண்டு இன்னிங்ஸ், ஓட்டம் ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் எந்தக் கோச் வந்து இந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதுதான் கண்ணில் படும். எம்மாவின் பெயருக்கு நேரே இரண்டு ஓட்டமும் தோல்வியும். அந்தப் பிள்ளை வேலி ஓரமாக இருந்து குனிந்தபடி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தது.

தொப்பி அம்மா கையெழுத்துக்காகப் புத்தகத்தை என் பக்கம் தள்ளியபோது ஆரணி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் புழுதி. பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து மூன்றாவது இன்னிங்ஸில் விரலை வைத்தாள்.

"இது எரர் அப்பா. என்ர எரர்."

சூரியன் கண்ணில் அடித்தது, நீ நிறையத் தூரம் ஓடினாய், காற்று வேறு என்று மெதுவாகச் சொன்னேன்.

"கிளவுக்குள்ள வந்து விழுந்தது. எம்மாவுக்கு ரெண்டு ஓட்டம் ஏத்தி வச்சிருக்கிறீங்கள். மாத்துங்கோ."

தொப்பி அம்மாவிடம் அவளே ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் தனக்கும் அப்படித்தான் பட்டது என்று தலையாட்டினார். நான் அழிறப்பரை எடுத்து ஹிட்டை அழித்தேன். எம்மாவுக்கு எதிரே இருந்த இரண்டையும் அழித்தேன். அந்த இடத்தில் பிழையையும் அதற்குப் பக்கத்தில் என் மகளின் இலக்கத்தையும் எழுதினேன். எழுதி முடியும்வரை அவள் நின்று பார்த்தாள். நானும் தொப்பி அம்மாவும் கையெழுத்துப் போட்ட பிறகு, எம்மா இருந்த வேலிப் பக்கமாக நடந்து போனாள்.

அடுத்த வருஷமும் பைனல் வந்தால் பந்தை எம்மாவிடம்தான் கொடுப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் இந்தப் பிள்ளையை இப்படி வளர்த்தது?